யார் பெயரில் மீட்டர்?

செல்பேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்வதுபோல மின்சார நிறுவனத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான மின்சாரச் சட்டத் திருத்த மசோதா நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, அந்த மக்களவையின் ஆயுளோடு தானும் காலாவதியானது. 2025 அக்டோபரில் ஒன்றிய மின்துறை அமைச்சகம் இன்னொரு வரைவை வெளியிட்டது. ஒரே பகுதியில் பல விநியோக நிறுவனங்கள் இருக்கலாம், ஏற்கெனவே நட்ட கம்பத்தையும் இழுத்த கம்பியையும் அவை பகிர்ந்துகொள்ளலாம், ஆலைகளும் ரயில்வேயும் மற்றவர்களுக்காகச் சுமக்கும் கூடுதல் கட்டணம் ஐந்தாண்டுகளுக்குள் ஒழிய வேண்டும் என்பவை அதன் முக்கியமான அம்சங்கள். போட்டி வரும், கட்டணம் குறையும், பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். இதுதான் வாக்குறுதி.

மின்வாரியத் தொழிற்சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் இதை எதிர்க்கின்றன. லாபம் தரும் இணைப்புகளைத் தனியார் அள்ளிக்கொண்டு, நட்டம் தரும் இணைப்புகளை வாரியத்தின் தலையில் கட்டிவிடும் என்பது அவர்களின் வாதம். மாநில உரிமை பறிபோகிறது என்பது இன்னொரு வாதம். இரண்டோடும் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரு சொல்லை ஒரே விதமாகப் புழங்குகிறார்கள்: நுகர்வோர். நுகர்வோருக்கு நல்லது என்கிறார் ஒருவர், நுகர்வோருக்குக் கேடு என்கிறார் மற்றவர். யார் அந்த நுகர்வோர் என்று கேட்பவர் இல்லை. மின்வாரிய அலுவலகத்தின் நடைமுறையில் அதற்கு விடை எளிது. மின் இணைப்பு எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நுகர்வோர். அந்த மின்சாரத்தில் விசிறி ஓட்டிப் படுப்பவர், மாவாட்டுபவர், பிள்ளையைப் படிக்க வைப்பவர் எல்லாம் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். கட்டண அட்டவணை தெரியாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2022 செப்டம்பர் 10 முதல் அமலான வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன்பின் யூனிட் விலை ஏறியிருக்கிறது, ஆனால் கணக்கின் எலும்புக்கூடு அப்போது போட்டதுதான். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம்; இது 2016 மே மாதம் முதல் இருந்துவருகிறது. 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50. 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆக, 500 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,725 ரூபாய்.

501 ஆனால் என்ன ஆகும்? கூடுதலாக எரித்த அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பதோடு முடிவதில்லை. 500ஐத் தாண்டியவருக்கு இடையில் இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடுகிறது. 101இலிருந்து 400 வரை முழுவதும் 4.50 ரூபாய் விகிதத்தில் கணக்கிடப்படுகிறது. பில் 1,958 ரூபாய்க்குத் தாவும். ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். கணக்கெடுக்க வருபவர் ஐந்து நாள் தாமதமாக வந்தால் நடுத்தரக் குடும்பங்கள் ஏன் பதறுகின்றன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. மேலே போகப் போக 9, 10, 11 என்று ஏறுகிறது.

அதிகம் எரிப்பவர் வசதி படைத்தவர், அவரிடம் கூடுதலாக வாங்கிக் குறைவாக எரிப்பவருக்குக் குறைத்துக் கொடுப்போம் என்பதுதான் இந்தப் படிக்கட்டின் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் இதற்கு அடியில் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது. ஓர் இணைப்பு என்றால் ஒரு குடும்பம். சென்னையின், திருப்பூரின், ஓசூரின் வாடகை போர்ஷன்களில் இந்த அனுமானம் உடைந்து கிடக்கிறது.

ஒரே வரிசையில் மூன்று போர்ஷன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். இரண்டு விசிறி, விளக்குகள், ஒரு டி.வி., ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். இரண்டு மாதத்துக்கு ஆளுக்கு 170 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பில் 157 ரூபாய் 50 காசு. மூன்றுக்கும் சேர்த்து 472 ரூபாய் 50 காசு. மூன்று குடும்பமும் ஒரே இணைப்பில் இருந்தால் மொத்தம் 510 யூனிட், பில் 2,030 ரூபாய். அதே மின்மாற்றி, அதே கம்பம், அதே மூன்று குடும்பங்கள். வசதி படைத்தவரிடம் வாங்குவதற்காகப் போட்ட படிக்கட்டில் மூன்று ஏழைக் குடும்பங்களின் தோள்மேல் தோள் ஏற்றி நிற்கவைத்து, இதோ ஒரு பணக்காரர் என்கிறது மீட்டர்.

இதோடு நின்றாலும் பரவாயில்லை. சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வீட்டு உரிமையாளர் வாங்குவது ஊரறிந்த வழக்கம். 8 ரூபாய் என்றே கொள்வோம். 170 யூனிட்டுக்கு 1,360 ரூபாய். மூன்று குடும்பங்களிடமும் 4,080 ரூபாய் வசூலித்து, வாரியத்துக்கு 2,030 ரூபாய் கட்டினால் மீதி 2,050 அவருக்கு. மூன்று போர்ஷனுக்கும் தனித்தனி இணைப்பு வைத்திருக்கும் உரிமையாளர் இன்னும் கெட்டிக்காரர். அவர் கட்டுவது 472 ரூபாய் 50 காசு, வாங்குவது அதே 4,080. இந்த மூன்று குடும்பங்களுக்காக அரசு கொடுக்கும் 300 யூனிட் இலவசம் எங்கே போகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் குடியிருந்த வாடகை வீடுகளில் ஒன்றில்கூட இ.பி. கார்டை என் கண்ணில் காட்டியதில்லை.

சட்டம் வாடகைக்காரரை மறந்துவிட்டதா என்றால், இல்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, ஓர் இடத்தின் உரிமையாளர் அல்லது அங்கே குடியிருப்பவர் விண்ணப்பித்தால் விநியோக நிறுவனம் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. ‘அல்லது’ என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் யாரும் மின்சார வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது 12ஆம் பிரிவு. தமிழ்நாடு மின் விநியோக விதித்தொகுப்பு, உரிமையாளர் சம்மதக் கடிதம் தர மறுத்தாலும் முறையாகக் குடியிருப்பதற்கான சான்று காட்டி, ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து இணைப்புப் பெறலாம் என்கிறது. ஆனால் காப்புத்தொகையை இரண்டு மடங்காகக் கட்ட வேண்டும். அதைப் பிறகு பேசுவோம். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவுபடுத்தியது. மின்சாரம் அடிப்படைத் தேவை, உரிமையாளரின் தடையின்மைச் சான்று இல்லை என்பதற்காக வாடகைதாரருக்கு அதை மறுக்க முடியாது, அவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதைப் பார்த்தால் போதும் என்றது. வாடகைக்காரரை மிரட்ட மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலும் இருக்கிறது.

இத்தனையும் ஏட்டில் இருக்க, யாரும் ஏன் இதைப் பயன்படுத்துவதில்லை? பயன்படுத்திய மறுமாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும் என்பதால்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். இது வர்க்கப் பிரச்சினை, சாதி இதில் எங்கே வந்தது? முதலியார் வீட்டில் குடியிருக்கும் ஏழை முதலியாரும் 8 ரூபாய்தானே கொடுக்கிறார்? கொடுக்கிறார், மறுக்கவில்லை. வேறுபாடு அடுத்த படியில் இருக்கிறது. அவருக்கு அந்த வீடு பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் ‘டு லெட்’ பலகை தொங்கும் வீட்டின் கதவைத் தட்டலாம். நமக்கு அந்தக் கதவு எத்தனையாவது கேள்வியில் மூடும் என்பது தெரியாது. சுகதேவ் தோரட்டும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் தில்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடுவோராகப் பேசிப் பார்த்து, 2015இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் முடிவுகளை வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயரோடு அழைத்தவர்களுக்குக் கதவு திறந்தது. தலித் பெயரோடும் முஸ்லிம் பெயரோடும் அழைத்தவர்களில் பலருக்கு மறுப்பு; வீடு தரச் சம்மதித்த இடங்களிலும் சிலருக்குத் தனி நிபந்தனைகள். தமிழ்நாட்டில் இதை நயமாகச் செய்வார்கள். “சொந்த ஊர் எதுங்க? ஊர்ல எந்தப் பக்கம்? நான்வெஜ் சமைப்பீங்களா?” மூன்றாவது கேள்விக்குள் முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

பல நாள் அலைந்து, பெயரை விழுங்கி, ஊரை மழுப்பிப் பிடித்த வீடு அது. அந்த வீட்டில் இருந்துகொண்டு உரிமையாளரிடம் “சார், இ.பி. கார்டைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்பதற்கு எந்த அளவு துணிவு வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். அதனால்தான் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்ற விலைக்குள் மின்சாரத்தின் விலை மட்டும் இல்லை என்கிறேன். வேறு வீட்டுக்குப் போக முடியாது என்பதற்கான தண்டமும் அதற்குள் சேர்ந்திருக்கிறது. நிறுவனத்தை மாற்றும் உரிமை என்பது வெளியேறும் உரிமை. சாதி நமக்குத் தலைமுறை தலைமுறையாக மறுத்து வந்ததும் அதைத்தான்: தொழிலை விட்டு, தெருவை விட்டு, ஊரை விட்டு வெளியேறுவதை. வீட்டையே மாற்ற முடியாதவரிடம் மின் நிறுவனத்தை மாற்றிக்கொள் என்கிறார்கள்.

நகரத்தை விட்டுக் கிராமத்துக்கு வருவோம். அங்கே வீடு சொந்தமாக இருக்கலாம், கம்பி வந்த கதை வேறு. இந்திய அரசின் கணக்கில் ஒரு கிராமம் ‘மின்மயமானது’ என்று எப்போது சொல்வார்கள் தெரியுமா? 1997 வரை, அந்த வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காகவேனும் மின்சாரம் பயன்பட்டால் போதும். ஒரு பண்ணையாரின் வயலில் ஒரு பம்ப்செட் ஓடினால் அந்தக் கிராமம் மின்மயமான கிராமம். 1997இல் குடியிருப்புப் பகுதிக்கு மின்சாரம் வந்திருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். குடியிருப்புப் பகுதி என்றால் ஊர். சேரியிலும் மின்மாற்றியும் கம்பியும் இருக்க வேண்டும் என்று வரையறையில் தலித் குடியிருப்பின் பெயரைச் சொல்லி எழுதியது 2004இல்தான். விடுதலைக்குப் பிறகு 57 ஆண்டுகள், நமது தெரு இருட்டில் கிடந்தாலும் அந்தக் கிராமம் ஒளிபெற்றதாகவே புள்ளிவிவரத்தில் ஏறியிருக்க முடியும். கணக்கெடுப்பதிலும் ஊர், சேரி உண்டு.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பல மாநிலங்களுக்கு முன்னால் நின்றது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இங்கேயும் யாருக்கு எந்த வடிவத்தில் மின்சாரம் போனது என்று பார்க்க வேண்டும். 1970களில் கோவை வட்டாரத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசமானது. இன்று 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள். அதே வயலில் நாற்று நட்டவருக்கும் களை பறித்தவருக்கும் கிடைத்தது குடிசைக்கு ஒரு விளக்கு இணைப்பு. கிணறு வைத்திருப்பவருக்குத்தான் பம்ப்செட், நிலம் வைத்திருப்பவருக்குத்தான் கிணறு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் பட்டியல் சாதியினர் கையில் இருந்த சாகுபடிப் பரப்பு 9 சதவீதத்துக்கும் குறைவு. மக்கள்தொகையில் அவர்கள் 16.6 சதவீதம்.

விவசாயிகளின் இலவச மின்சாரத்தைப் பிடுங்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. மோட்டார் நின்றால் கூலி வேலையும் நிற்கும். நான் கேட்பது வேறு. ‘இலவசம்’ என்ற வசை எப்போதும் 100 யூனிட் வீட்டைப் பார்த்தே வருவது ஏன்? பெரும்பாலான பம்ப்செட்டுகளில் மீட்டர்கூடக் கிடையாது. அவற்றுக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்பது மதிப்பீடுதான். அந்தப் பெயர் தெரியாத யூனிட்டுகளுக்கு ‘விவசாயம்’ என்று மரியாதையான பெயர். நமது 100 யூனிட்டுக்கு ‘ஓசி’ என்று பெயர்.

காலனிகளில் இணைப்பு தாத்தாவின் பெயரில் இருக்கும். தாத்தா இறந்து இருபது வருடம் ஆகியிருக்கும். மூன்று மகன்களும் கல்யாணமாகி அதே தொகுப்பு வீட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை இறக்கிக் குடியிருப்பார்கள். புது இணைப்புக்குப் பட்டா கேட்பார்கள், பட்டா இருக்காது. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்று கேட்பார்கள், அதற்கு ஓர் அலைச்சல். ஆகவே ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு. மறுபடியும் அந்த 510 யூனிட் கணக்கு. நிலமின்மை மின்கட்டண ரசீதில் வந்து உட்காரும் விதம் இது. நகரத்துப் போர்ஷன்காரரும் காலனிக்காரரும் ஒரே இடத்தில் சிக்கியிருக்கிறார்கள்; இருவருக்கும் அந்த மீட்டரில் பெயர் இல்லை.

இப்போது நிறுவனத்தை மாற்றும் வாக்குறுதிக்குத் திரும்புவோம். இது எங்கும் நடக்காத ஒன்றல்ல. மும்பையில் நடந்திருக்கிறது. அந்நகரின் புறநகர்ப் பகுதிகளில் ரிலையன்ஸ் மின்சாரம் கொடுத்து வந்தது. நகரெங்கும் சில்லறை நுகர்வோருக்கு நேரடியாக விற்க டாடாவுக்கும் உரிமை உண்டு என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் மகாராஷ்டிர மின் ஒழுங்குமுறை ஆணையம், ரிலையன்சின் கம்பி வழியாகவே டாடாவின் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று வழிவிட்டது. (தமிழர்கள் நெருங்கி வாழும் தாராவி, மாநகராட்சியின் பெஸ்ட் நிறுவனம் விநியோகிக்கும் பகுதி, அந்த ஏற்பாடு பெஸ்ட்டின் கம்பிகளுக்குப் பொருந்தவில்லை.) இன்றைய வரைவு நாடு முழுவதற்கும் கொண்டுவர நினைக்கும் ஏற்பாட்டின் முன்னோட்டம் அது.

என்ன நடந்தது? அதிகம் எரிப்பவர்கள், அதாவது அதிகக் கட்டணம் கட்டுபவர்கள், விலை குறைந்த இடத்துக்கு நகர்ந்தார்கள். யார் கொடுத்த கூடுதல் பணத்தில் சிறிய வீடுகளின் கட்டணம் தாழ்த்தி வைக்கப்பட்டதோ அவர்கள் போய்விட்டால் பாரம் மிச்சம் இருப்பவர் மேல் விழும். இதைத்தான் குறுக்கு மானியம் என்கிறார்கள். ஆலையும் பெரிய கடையும் அடக்கவிலைக்கு மேல் கொடுப்பதால் குடிசைக்கும் சிறு வீட்டுக்கும் அடக்கவிலைக்குக் கீழே கொடுக்க முடிகிறது. 2011இல் ஆணையம், மாறிப் போகிறவர்கள் மேல் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் விதித்தது. 2012 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி போய், டாடா பெரிய நுகர்வோரைப் பொறுக்கி எடுக்கிறது என்று சொல்லி, மாதம் 300 யூனிட்டுக்குள் எரிக்கும் வீடுகளை மட்டுமே புதிதாக மாற்றலாம் என்று கட்டுப்படுத்தியது. 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒழுங்குமுறை ஆணையமே தடுத்துப் பார்த்தும் நிற்காத ஒன்றை, ஐந்தாண்டில் குறுக்கு மானியத்தை ஒழி என்று சட்டம் எழுதித் திறந்துவிடப் போகிறார்கள்.

அப்படியானால் மின்வாரியம் அப்படியே இருக்கட்டும் என்று முழக்கம் போட்டால் போதுமா? அண்ணல் அம்பேத்கரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இடத்தில் இருக்கிறது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1943 அக்டோபர் 25 அன்று மின்சாரக் கொள்கைக் குழுவில் அவர் ஆற்றிய உரை படிக்கப்பட வேண்டிய ஒன்று. தனியாரா அரசா என்ற கேள்வியை அவர் தட்டிக் கழிக்கவில்லை. ஆனால் யாரிடம் இருந்தால் மக்களுக்கு மலிவாக, தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் என்பதை அளவுகோலாக வைத்தார். மின்சாரம் எதற்கு என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது. மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் நிலத்தை நம்பிக் கிடக்கும் வறுமையிலிருந்து விடுதலை இல்லை. நிலமே இல்லாதவர்களின் தலைவர் அதைச் சொன்னார் என்பதை மறந்துவிடக் கூடாது. 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் அடிப்படைத் தொழில்கள் அரசின் உடைமையாக இருந்து அரசாலோ அரசு நிறுவும் கழகங்களாலோ நடத்தப்பட வேண்டும் என்றார்.

அரசின் கையில் இருப்பது முதல் படி. அது நம் கைக்கு வந்துசேர்கிறதா என்பது இரண்டாவது படி. எதிர்ப்பு இயக்கங்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. வாரியத்தைக் காப்போம் என்பவர்கள், வாரியத்தின் கதவுக்கு வெளியே நிற்கும் வாடகைக்காரரையும் காலனிக்காரரையும் உள்ளே கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டால்தான் அவர்களும் வாரியத்துக்காகத் தெருவில் நிற்பார்கள். யூனிட்டுக்கு 8 ரூபாய் வீட்டுக்காரருக்குக் கட்டுபவரிடம் போய், தனியார் வந்தால் விலை ஏறும் என்று பயமுறுத்தி என்ன பயன்? அவரைப் பொறுத்தவரை தனியார் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. அந்தத் தனியார் மாடியில் குடியிருக்கிறார்.

செய்ய வேண்டியவை மலையளவு இல்லை. சம்மதக் கடிதம் இல்லாத குடியிருப்பாளரிடம் இரண்டு மடங்கு காப்புத்தொகை வாங்கும் விதியை நீக்க வேண்டும். சாதியின் காரணமாகப் பேரம் பேச முடியாதவர் மேல் அரசே விதிக்கும் அபராதம் அது. பட்டா இல்லாத காலனி வீடுகளில் தனி அடுப்பு இருந்தால் தனி இணைப்பு என்று, கிராம நிர்வாக அலுவலரின் குடியிருப்புச் சான்றை வைத்தே கொடுக்கலாம். ஒரே இணைப்பில் பல குடும்பம் இருக்கும் இடங்களில், தனி இணைப்பு வரும்வரை 100 யூனிட் சலுகையையும் படிக்கட்டையும் குடும்பத் தலைக்குக் கணக்கிட வேண்டும்.

இதற்கெல்லாம் ஆட்களைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. 2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, இணையப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: நீங்கள் உரிமையாளரா, வாடகைக்காரரா? குடியிருப்பவர் ஆதாரைக் கொடுத்தால் நாளைக்கு வீட்டையே கேட்பார்களோ என்று பல உரிமையாளர்கள் அப்போது பயந்தார்கள். ஆக, வாடகைக்காரர் என்று குறித்துப் பதிவான இணைப்புகளின் பட்டியல் வாரியத்தின் கணினியில் அன்றிலிருந்து கிடக்கிறது. ஒவ்வொரு ரீடிங்குக்குப் பிறகும் பில் தொகையை அந்த வாடகைக்காரரின் செல்பேசிக்கும் ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பினால், 157 ரூபாய் 50 காசுக்கும் 1,360 ரூபாய்க்கும் இடையே உள்ள தூரம் முதன்முறையாக அவர் கண்ணில் படும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் ஒழுங்குமுறை ஆணையம் கட்டண உயர்வு குறித்துக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடத்தியது. தொழில் அமைப்புகள் தயாரிப்போடு வந்து பேசின. அந்தக் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் பேசலாம், எழுத்தில் மனுக் கொடுக்கலாம். அடுத்த கட்டண மனு வரும்போது நமது இயக்கங்களின் பெயரிலும் ஒரு மனு அங்கே போக வேண்டும், வாடகைக்காரர்களின் சப்-மீட்டர் ரசீதுகளை இணைத்து.